வீடு சந்திப்பையும் சபை ஐக்கியத்தையும் இக்காலத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு சபையில் 400 குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். போதகர் வாரத்தில் 4 மாலைகளை வீடு சந்திப்புக்கென்றே ஒதுக்கி, மாலைக்கு 3 வீடு என்று ஒரு வாரமும் விடாமல் நடந்தாலும், எல்லா வீட்டு வாசலையும் ஒருமுறை மிதித்து முடிக்க 33 வாரங்களுக்கு மேல் ஆகும். லெந்து எனும் தபசு காலக் கூட்டங்கள், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, கல்யாணங்கள், அடக்க ஆராதனைகள், சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டி, பள்ளிக்கூட நிர்வாகம் ஆகியவற்றுக்குப் போகும் நாட்களைக் கழித்துவிட்டால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு சந்திப்பு என்பதே பெரிய காரியம். அந்த ஒரு சந்திப்பிலும் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபம் பண்ணி, காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு எழும்ப வேண்டியிருக்கும். போதகரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். ‘ஐயர் எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை’ என்ற மனக்குறை அநேகமாக எல்லாச் சபைகளிலும் கேட்கிறது என்றால் அதற்கு ஐயருடைய அசட்டை காரணமல்ல. கணக்கே இடம் கொடுக்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த தமிழ்ச் சபைகளை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எங்கள் சபையில் இந்த மாற்றத்தைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். எங்கே இடறினோம் என்பதும் எனக்குத் தெரியும். மாற்றம் என்றவுடன் பலருக்கும் கைபேசிச் செயலிதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முதலில் மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி. ‘இந்த மாதம் எத்தனை வீடு சந்தித்தோம்?’ என்று கமிட்டியில் கேட்பதை நிறுத்திவிட்டு, ‘இந்த வீட்டின் நிலைமை இன்றைக்கு நம்மில் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிற நிலைக்குச் சபையைக் கொண்டுவருவதற்கே.

பழைய முறையை ஏன் விட வேண்டியிருக்கிறது

1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவான காலம் தொட்டு நெல்லைச் சீமையில் கிறிஸ்தவர்கள் கூடி வாழ்ந்த ஊர்களில் வீடு சந்திப்புக்குத் தனித் திட்டம் தேவைப்படவில்லை. கோயில், அதாவது தேவாலயம், நடுவில் இருந்தது. வீடுகள் அதைச் சுற்றி இருந்தன. மாலை ஜெபத்துக்கு ஒரு வீட்டார் வரவில்லை என்றால், போதகருக்குத் துணையாக ஊர்ச் சபையைக் கவனித்த உபதேசியார் திரும்புகிற வழியிலேயே வாசலில் நின்று விசாரித்துவிடுவார். இன்று அதே குடும்பங்கள் பாளையங்கோட்டையின் புறநகரிலும் தாம்பரத்திலும் கோயம்புத்தூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிதறி இருக்கின்றன. இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் மணியை அழுத்தினால் காவலாளி கீழேயே நிறுத்திவிடுகிறார். ஊர் மாறிவிட்டது, முறை மட்டும் மாறவில்லை.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது புதிய சிந்தனையும் அல்ல. ஆயிரம் பேர், நூறு பேர், ஐம்பது பேர், பத்துப் பேர் என்று ஜனத்தைப் பிரித்துத் தலைவர்களை ஏற்படுத்தும்படி மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க மெதடிஸ்ட் சபையார் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று தீர்மானித்து, ஏறத்தாழ 12 பேருக்கு ஒரு தலைவரை நியமித்து வீடு வீடாக வசூலிக்க அனுப்பினார்கள். வசூலிக்கப் போனவர்கள் அந்தந்த வீட்டின் குடியையும் சண்டையையும் வறுமையையும் நேரில் கண்டு திரும்பி வந்து சொன்னபோது, மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லி அந்த ஏற்பாட்டையே ஆத்தும விசாரிப்பின் அமைப்பாக மாற்றிக்கொண்டார். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த மரபுகளில் மெதடிஸ்ட் மரபும் ஒன்று என்பதால், இது நமக்குப் பிதுரார்ஜிதம். அங்கே பணத்துக்காகத் தொடங்கிய நடை விசாரிப்பாக முடிந்தது. நம்மில் பல சபைகளில் விசாரிப்பாகத் தொடங்கிய நடை, குடும்பங்கள் சபைக்குக் கட்டும் சந்தாவின் வசூலாக முடிந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் பார்க்கத்தக்க உதாரணங்கள் உண்டு. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகள் (உள்ளூர்ச் சபைகள்) 20, 30 குடும்பங்கள் கொண்ட அன்பியங்களாகப் பிரிந்து வீடுகளில் கூடுகின்றன. சியோல் நகரில் போதகர் டேவிட் யோங்கி சோ 1964-இல் வேலைப் பளுவால் சரிந்து விழுந்த பிறகு, வீட்டுக் குழுக்களைப் பெருமளவில் பெண்களின் கையில் ஒப்படைத்தார். அவருடைய சபை அதற்குப் பிறகே உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. உபதேசத்தில் நமக்கு வெகுவாக வேறுபட்ட, மோர்மன்கள் என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலும், மாதந்தோறும் வீட்டுக்குச் சென்று பாடம் சொல்லி எண்ணிக்கையை அறிக்கையிடும் நெடுநாள் வழக்கத்தை 2018 ஏப்ரலில் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, அனுப்பப்பட்டவர்களோடு தலைவர்கள் காலாண்டுக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து அந்தந்தக் குடும்பத்தின் தேவையைப் பேசும் முறையை ஏற்படுத்தினார்கள். உபதேசத்தை அல்ல, அந்த ஒரு நடைமுறையை நாம் கவனிக்கலாம்.

முதல் படி: பதிவேட்டைச் சரி செய்தல்

சபையில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் ஒழுங்காக இருக்கும். இப்போது யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் பதிவுதான் இராது. சந்தா நோட்டைக் குடும்பப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தா கட்ட முடியாதவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். முதலில் சந்திக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

தொடர்ச்சியாக 4 ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு, குடும்பத்துக்கு ஒரு படிவம் நிரப்பச் செய்யுங்கள். வீட்டில் இருப்போர் பெயர், முகவரி, பேச வசதியான கைபேசி எண், வீட்டில் ஆள் இருக்கும் நேரம், படுக்கையில் இருப்பவர் அல்லது தனியே வாழ்பவர் உண்டா, வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் உண்டா என்பவை போதும். சம்பளம், சாதி, சொத்து பற்றி ஒரு வரியும் அதில் வேண்டாம். ‘சந்திப்புக்காகவும் சபை அறிவிப்புக்காகவும் மட்டும் இவ்விவரங்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று படிவத்தின் அடியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் சம்மதத்தை அடிப்படையாக வைத்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, தன் விவரம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது சபையாரின் உரிமை.

படிவம் தராத குடும்பங்களின் பட்டியலைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைச் சோம்பேறிகளின் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. கோயிலுக்கு வர முடியாதவர்கள், வர மனமில்லாதவர்கள், யாரோ சொன்ன சொல்லால் மனம் புண்பட்டவர்கள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: வீடுகளைப் பகிர்தல்

இரண்டு பேர் கொண்ட சந்திப்பு இணைக்கு 8 வீடுகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். மாதம் 2 வீடு என்றால் 4 மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடலாம். நோயும் துக்கமும் வந்த வீட்டுக்கு இடையில் கூடுதலாகப் போகவும் நேரம் மிஞ்சும். 400 குடும்பங்களுக்கு 50 இணைகள், அதாவது 100 பேர் வேண்டும். இந்த எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரே பகுதியில் 100 குடும்பங்களுக்கு 12, 13 இணைகளோடு தொடங்கி, 6 மாதம் நடத்திப் பார்த்த பின்னர் அடுத்த பகுதிக்குப் போவதே நல்லது.

தெருவையும் பேருந்து வழியையும் வைத்துப் பிரியுங்கள். உறவுமுறையையும் சாதியையும் வைத்து ஒருபோதும் பிரிக்காதீர்கள். ‘அவர்கள் ஆட்களுக்கு அவர்களே போகட்டும்’ என்று கமிட்டியில் யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். அந்த இடத்திலேயே போதகர் அதை மறுத்துவிட வேண்டும். அன்றாட விசாரணையில் (பராமரிப்பில்) தங்கள் விதவைகள் விட்டுவிடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தது அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த முறுமுறுப்பை அப்போஸ்தலர்கள் அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாம் படி: சந்திப்பாளர்களைத் தெரிந்தெடுத்துப் பழக்குதல்

நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவரைத் தேடுவதைவிட, கேட்டதை வெளியே சொல்லாதவரைத் தேடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓசைப்படாமல் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். வாலிபர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் இணைத்தால் இருவருக்கும் பயன். இணையில் ஒரு பெண்ணாவது இருப்பது பெரும்பாலான வீடுகளில் கதவைத் திறக்க உதவும். தனியே இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போவதும், பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நுழைவதும் கூடாது. இந்த விதிக்குப் போதகர் உட்பட ஒருவருக்கும் விலக்கு இல்லை.

பயிற்சிக்கு ஒரு சனிக்கிழமை போதும். காலையில் பேசுங்கள், மாலையில் அனுபவமுள்ள ஒருவரோடு அனுப்பி, பார்த்துக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

நான்காம் படி: ஒரு சந்திப்பு எப்படி நடக்க வேண்டும்

இரண்டு நாள் முன்னதாகவே அழைத்து நேரம் கேளுங்கள். ‘எப்போ வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?’ என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். போகும்போது சந்தா நோட்டும் காணிக்கை உறையும் பையில் இருக்கக் கூடாது. வீட்டார் தாமாகவே நீட்டினாலும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போடும்படி சொல்லிவிடுங்கள். பணத்தையும் சந்திப்பையும் பிரித்த நாள் முதல் எங்கள் சபையில் திறக்காத கதவுகள் சில திறந்தன.

நான் உடன் போன ஒரு சந்திப்பைச் சொல்கிறேன். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஓர் ஆச்சி. பிள்ளைகள் வளைகுடா நாட்டில். கூடத்தில் எங்களுக்காக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார். தொலைக்காட்சியில் ஓடிய ஆராதனையை அணைத்துவிட்டு, ஊர்க்கதைகளை மலர்ந்த முகத்தோடு சொன்னார். எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றியது. என்னோடு வந்த அக்கா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார். காலை, மதியம், இரவு என்று பிரித்த மாத்திரைப் பெட்டியில் அந்த வாரத்துக்குரிய இரவு மாத்திரைகள் எல்லாம் எடுக்கப்படாமல் இருந்தன. திரும்பி வந்து ஆச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘ஆச்சி, ராத்திரி சாப்பிடுதீங்களா?’ என்று மட்டும் கேட்டார். ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘ஒரு ஆளுக்கு என்னத்த பொங்க?’ என்றார். அன்றைக்கு 121-ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்துவிட்டு வந்தோம். அடுத்த வாரத்திலிருந்து கீழ்த்தளத்தில் இருந்த சபைக் குடும்பம் ஒன்று ஆச்சியின் இரவுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டது. போதகர் மாதந்தோறும் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடாயிற்று.

அந்த வீட்டில் நாங்கள் இருந்தது அரை மணி நேரம்தான். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. 20 முதல் 30 நிமிடங்கள் இருங்கள். பெரும்பகுதியைக் கேட்பதற்கு விடுங்கள். ஜெபிக்குமுன் ‘எதற்காக ஜெபிக்கட்டும்?’ என்று கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் ஜெபத்தில் சொல்லுங்கள். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள். ‘ஏன் கோயிலுக்கு வரவில்லை?’ என்ற கேள்வி முதல் சந்திப்பில் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: குறிப்பும் கைபேசியும் இரகசியமும்

குறிப்பு எழுதாவிட்டால் இந்த ஏற்பாடு 3 மாதத்தில் சிதைந்துவிடும். அதிகமாக எழுதினால் ஆபத்து. தேதி, போனவர் பெயர், அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்ற நான்கு கட்டங்கள் மட்டும் உள்ள ஒரு தாள் அல்லது கூகுள் விரிதாள் போதும். ‘மருத்துவமனைக்குத் துணை வேண்டும்’ என்று எழுதலாம். நோயின் பெயரை எழுத வேண்டாம். ‘போதகர் நேரில் பேச வேண்டும்’ என்று எழுதலாம். காரணத்தை எழுத வேண்டாம். விரிதாளைத் திறக்கும் உரிமை போதகர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர் ஆகிய மூவருக்கு மேல் போகக் கூடாது. பொறுப்பு மாறும் நாளிலேயே பழையவரின் அனுமதியை நீக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் சபையின் ஜெபக் குழுவில் ஒரு சகோதரருடைய பரிசோதனை முடிவை யாரோ ஜெபக் குறிப்பாகப் போட்டுவிட்டார். அவர் அதைத் தம் தாயாரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆறுதல் சொல்ல அந்தத் தாயாரை அழைத்தவர்கள் மூலமாகவே அவருக்குச் செய்தி போயிற்று. போட்டவருக்குத் தீய எண்ணம் ஒன்றும் இல்லை, அன்பினால்தான் போட்டார். அந்தக் குடும்பம் எங்களிடம் திரும்பிப் பேச ஓர் ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு விதியை எழுதி வைத்தோம்: சம்பந்தப்பட்டவர் தம் வாயால் ‘எல்லாரிடமும் சொல்லுங்கள்’ என்று சொல்லாத எதுவும் குழுவில் வராது.

அறிவிப்புகளுக்கு நிர்வாகிகள் மட்டுமே பதிவிடக்கூடிய குழுவாக அமைத்துவிடுங்கள். தனித்தனியே செய்தி அனுப்ப ஒலிபரப்புப் பட்டியல் உதவும்; ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதியவர்களுக்கு இவை எதுவும் உதவாது. அவர்களுக்குக் குரல்தான் வேண்டும். வாரம் ஒருமுறை 5 நிமிடம் அழைத்துப் பேசும் பொறுப்பை வாலிபர் ஐக்கியத்தாரிடம் கொடுங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் தொடங்கிய நேரலை ஆராதனை இன்றும் பலருக்கு ஆசீர்வாதமாக இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் இருந்தபடி நேரலை பார்ப்பவரைச் சந்திக்கப்பட்டவராகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஆச்சியின் தொலைக்காட்சியிலும் ஆராதனை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆறாம் படி: பகுதி ஐக்கியக் கூடுகை

சந்திப்பு இருவர் ஒரு வீட்டுக்குப் போவது. ஐக்கியம் பல வீட்டார் ஒரு வீட்டில் கூடுவது. இரண்டும் இணைந்து நடந்தால்தான் சந்திக்கப்பட்டவர் நாளைக்குச் சந்திப்பவராக மாறுவார். ஒரு பகுதிக்குள் அருகருகே உள்ள 10 முதல் 15 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை, 75 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வருவோருக்கு மாலை ஏழரை மணி தோதுப்படும். முதியவர்கள் அதிகம் உள்ள பகுதியில் ஞாயிறு மாலை நான்கு மணி.

கூடுகையைக் கெடுப்பது உபசரிப்புப் போட்டி. முதல் வீட்டில் தேநீரும் வடையும், அடுத்த வீட்டில் டிபன், அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று போனால், ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் தன் முறை வருமுன்னே கூடுகைக்கு வருவதை நிறுத்திவிடும். தேநீர், ஒரே ஒரு பலகாரம் என்று சபையே தீர்மானம் போட்டு, வசதியுள்ளவர்கள் முதலில் அதைக் கைக்கொள்ள வேண்டும். இடம் போதாத வீடுகளின் முறை வரும்போது மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பாய் விரித்துக் கூடுங்கள். வேறு வீட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். அந்த வீட்டார் தங்கள் வாசலில் நின்று சபையை வரவேற்க வேண்டும்.

நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, அதன்மேல் எல்லாரும் பேசும் அரை மணி நேரம், ஜெபம். நடத்துகிறவர் 10 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசக் கூடாது. வேதபகுதியை வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். திருமணமாகி வேற்றூரிலிருந்து வந்த மருமகள்களும் வேலைக்காகப் புதிதாகக் குடியேறியவர்களும் பெரும்பாலும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்; அவர்கள் ஊர் பாட்டு ஒன்றை அவர்களையே தொடங்கச் சொன்னால் அந்த மௌனம் உடையும்.

ஏழாம் படி: காலாண்டு உரையாடலும் கையளிப்பும்

3 மாதத்துக்கு ஒருமுறை போதகர் ஒவ்வொரு சந்திப்பு இணையோடும் 15 நிமிடம் உட்கார வேண்டும். 50 இணைகள் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். 400 வீடுகளின் நிலைமையை அறிய இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை போனீர்கள் என்று அவர் கேட்க வேண்டாம். எந்த வீட்டில் பாரம் இருக்கிறது, நான் நேரில் போக வேண்டிய வீடு எது, உங்களுக்கு என்ன கஷ்டம் என்ற மூன்றையும் கேட்டால் போதும். சோர்ந்துபோன சந்திப்பாளருக்கு ஓய்வு கொடுங்கள். ஓராண்டு முடிந்ததும், தொடர விருப்பமா என்று எல்லாரிடமும் கேளுங்கள். இப்படிச் செய்தால் போதகரின் வீடு சந்திப்பு நின்றுவிடாது. ஒரு மாலையில் அவர் போகும் 3 வீடுகள் அன்றைக்கு அவர் மிகவும் தேவைப்படும் 3 வீடுகளாக இருக்கும்.

போதகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறவர்கள். அவரோடு சபையின் நினைவும் வண்டியேறிவிடாதபடி, மாற்றல் உத்தரவு வந்த வாரத்திலேயே ஒருங்கிணைப்பாளர் விரிதாளைச் சரிபார்த்து, நிலுவையில் உள்ளவற்றைத் தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாவ அறிக்கையாகவும் அந்தரங்கமாகவும் போதகரிடம் சொல்லப்பட்டவை அந்தத் தாளுக்கு வரக் கூடாது. புதிய போதகரை அந்தந்தச் சந்திப்பு இணையே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைக்கட்டும். படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளை முதல் வாரத்திலும், அந்த ஆண்டில் துக்கம் நடந்த வீடுகளை இரண்டாம் வாரத்திலும், படிவம் தராமல் விலகி நின்ற குடும்பங்களை மூன்றாம் வாரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி உறுப்பினர்களின் வீடுகள் அதற்குப் பிறகு வரட்டும்.